பத்து மாத அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்: மதுரையில் சிறு முதலீட்டில் கோவொர்க்கிங்

மதுரையில் கோவொர்க்கிங் இடம், அதாவது தனித்தனியாக வேலை செய்பவர்கள் கட்டணம் கொடுத்து வந்து உட்காரும் பொது ஆபீஸ், தொடங்க ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். பைபாஸ் ரோட்டிலோ கே.கே. நகரிலோ ஒரு முதல் மாடியைப் பார்ப்பது, வீட்டுக்காரர் கேட்கும் பத்து மாத அட்வான்ஸைப் புரட்டுவது, ஃபால்ஸ் சீலிங், கண்ணாடித் தடுப்பு, ஏசி, காபி மெஷின் என்று உள்வேலையை முடிப்பது, நல்ல நாள் பார்த்துத் திறப்பது. கையிருப்பு தீர்ந்துபோன அந்த நாளில்தான், யார் வந்து உட்காரப் போகிறார்கள் என்ற கேள்வியே எழுகிறது. அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வீட்டுக்காரர் வாடகைக்கு போன் போடும்போது இருபது நாற்காலியில் மூன்றில் ஆள் இருந்தால் பெரிய விஷயம்.

நிறையப் பணம் வைத்திருப்பவர் இந்த மாதங்களைத் தாண்டிவிடுவார். மூன்று, நான்கு லட்சத்தோடு இறங்குபவரால் முடியாது. அவர் வரிசையைத் தலைகீழாகத்தான் போட வேண்டும். முதலில் ஆட்கள், அப்புறம் அவர்கள் உட்கார அடுத்தவர் இடத்தில் கொஞ்ச நேரம், கடைசியாகத்தான் சொந்தப் பெயரில் ஒரு வாடகைக் கட்டடம். சிக்கனக்காரர் சொல்லும் புத்திமதி போலத் தெரியலாம். ஆனால் இந்தத் தொழில் பிறந்ததே இப்படித்தான்.

2005 ஆகஸ்ட் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் பிராட் நியூபெர்க் என்ற மென்பொருள்காரர் கோவொர்க்கிங் என்ற பெயரில் ஓர் இடத்தைத் திறந்தார். யாருக்கும் கீழே இல்லாமல் தனியாக வேலை செய்யவும் வேண்டும், பக்கத்தில் பேச நாலு பேரும் வேண்டும் என்பது அவருடைய தேவை. அதற்காக அவர் கட்டடம் எதுவும் பிடிக்கவில்லை. ஸ்பைரல் மியூஸ் என்ற பெண்கள் கூட்டமைப்பின் வீட்டில், வாரத்துக்கு இரண்டு நாள், மாதம் 300 டாலருக்கு இடம் பேசிக்கொண்டார். காலையில் மடக்கு மேசைகளை விரிப்பார், சாயங்காலம் மடக்கி வைத்துவிட்டுப் போவார். முதல் மாதம் ஒருவரும் வரவில்லை. அந்த வெறும் மாதத்துக்கு அவர் கொடுத்த விலை 300 டாலர்தான் என்பதால் இரண்டாவது மாதமும் மேசையை விரிக்க முடிந்தது. வருபவர்கள் சேர்ந்து, ஏறக்குறைய ஒரு வருடம் ஓடிய பிறகுதான் ஹாட் ஃபேக்டரி என்ற முழுநேர இடத்துக்கு மாறினார்கள். பிலடெல்பியாவில் இண்டி ஹால் என்ற இடத்தைத் தொடங்கிய அலெக்ஸ் ஹில்மனும் முதலில் காபிக் கடைகளில் ஆட்களைக் கூட்டிப் பழகிவிட்டு, 2007-இல்தான் சாவியைக் கையில் வாங்கினார்.

இதற்கு நேர் எதிர் வழியில் போனது வீவொர்க் என்ற பெரிய கோவொர்க்கிங் நிறுவனம். 2010-இல் நியூயார்க்கில் தொடங்கி, 2019 ஜனவரியில் 4,700 கோடி டாலர் மதிப்பிடப்பட்ட நிறுவனம், 2023 நவம்பரில் அமெரிக்காவில் திவால் மனு கொடுத்தது. (இந்திய வீவொர்க்கை நடத்துவது வேறு நிறுவனம். அது இந்தத் திவாலில் சேரவில்லை.) நடுவில் நடந்த கூத்துகள் பல. அடியில் இருந்த சிக்கல் எளிமையானது. கட்டடக்காரர்களிடம் பல வருடத்துக்குக் கையெழுத்து, உறுப்பினர்களிடம் மாதக் கணக்கில் கையெழுத்து. ஆள் போய்விடுவார், வாடகை போகாது. பத்துப் பதினான்கு நாற்காலி போடும் மதுரைக்காரருக்கும் இதே ஆபத்துதான், அளவு மட்டும் சின்னது.

யார் வருவார்கள்

மேசையும் ஏசியும் விற்கப் போகிறோம் என்று நினைத்தால் மதுரையில் போட்டியே போட முடியாது. புது நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2 லட்சம் சதுர அடிக்கு மேல் பரப்பு, ஏசி, நல்ல நாற்காலி, உட்காரக் கட்டணம் கிடையாது. டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிப்பவர்களை நம்பி நடக்கும் ரீடிங் ரூம்கள் வேறு இருக்கின்றன.

ஆனால் அங்கெல்லாம் வாய் திறந்து பேச முடியாது. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு வீடியோ காலில் இருக்கும் டிசைனர், ஆன்லைனில் பாடம் எடுக்கும் ஆசிரியை, சென்னை ஸ்டார்ட்அப்புக்காக விற்பனை போன் போடும் பையன், இவர்களுக்கெல்லாம் பாதி வேலை வாயால்தான் நடக்கிறது. ஆகவே உங்கள் இடத்தில் மிக விலைமதிப்பான பொருள், கதவைச் சாத்திக்கொண்டு பேச ஒரு சின்ன அறை. இத்தாலியக் காபி மெஷின் வாங்க ஒதுக்கிய காசில் இரண்டு பேச்சு அறை கட்டலாம். ஸ்டோர் ரூம், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மூலை, பழைய பூஜை அறை எதுவாக இருந்தாலும் சரி. உள்ளே சுவரில் தடித்த துணியோ கோரைப்பாயோ அடித்தால் எதிரொலி அடங்கும். ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் மறக்கக் கூடாது, இல்லாவிட்டால் சித்திரை மாதத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் உள்ளே நிற்க மாட்டார்கள்.

இரண்டாவது காரணம் வீடு. மடிக்கணினியோடு வீட்டில் உட்கார்ந்திருப்பவர் வேலையில் இருக்கிறார் என்று நம் குடும்பங்கள் இன்னும் முழுசாக நம்பவில்லை. 'வீட்லதானே இருக்க, சிலிண்டர் வந்தா வாங்கி வை', 'ஆச்சிய கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துரு' என்று நாள் கரைந்துவிடும். பெண்களுக்கு இது இரட்டிப்பு. பெண் பார்க்கப் போகும் இடத்தில் 'மாப்பிள்ளைக்கு ஆபீஸ் எங்க?' என்று கேட்டால் சொல்ல ஒரு விலாசம் வேண்டும் என்பதும் உண்டு. சிரிப்பு வரலாம், ஆனால் மாதம் மூவாயிரம் ரூபாய் கொடுக்க வைக்கும் காரணங்களில் இதைக் கடைசியில் வைக்க மாட்டேன்.

அப்புறம் சின்னக் குழுக்கள். சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் நிறுவனம் மதுரையில் நான்கைந்து பேரை வைத்து ஆழம் பார்க்கிறது. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் ஐ.டி. பூங்காக்கள் இருக்கின்றன, மாட்டுத்தாவணியில் டைடல் பூங்காவுக்கு 2025-இல் அடிக்கல் நாட்டினார்கள். அந்த மாதிரி இடங்கள் பெரிய நிறுவனங்களை மனதில் வைத்துக் கட்டப்படுபவை. ஐந்து நாற்காலி கேட்பவர் உங்களிடம்தான் வருவார். ஒத்தக்கடை பக்கம் உயர் நீதிமன்றக் கிளை 2004-இல் திறந்ததிலிருந்து நெல்லை, நாகர்கோவில், ராமநாதபுரத்து வக்கீல்கள் வழக்குக்காக வந்து போகிறார்கள். நாள் கட்டணத்துக்கு உட்காரக் கூடியவர்கள் அவர்கள்.

பகலில் பூட்டிக் கிடக்கும் இடங்கள்

நியூபெர்க் கண்டுபிடித்தது போன்ற இடங்கள் மதுரையில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அண்ணா நகர், எஸ்.எஸ். காலனி, வில்லாபுரம், எங்கே பார்த்தாலும் டியூசன் சென்டர். காலை ஆறு மணிக்கு ஒரு வகுப்பு, சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது வரை அடுத்தடுத்து வகுப்புகள். நடுவில் எட்டு மணி நேரம் பூட்டு. ஃபேன் இருக்கிறது, லைட் இருக்கிறது, சில இடங்களில் ஏசியும் நெட்டும்கூட. பரதநாட்டிய வகுப்பு, யோகா வகுப்பு நடக்கும் ஹால்களும் அப்படியே. வக்கீல் ஆபீஸ்கள் காலை பத்து மணிக்கு மேல் காலியாகி, கட்சிக்காரர்கள் வரும் சாயங்காலத்தில்தான் மறுபடி நிரம்பும். ஆனால் வழக்குக் கட்டுகள் இருக்கும் இடத்தில் வெளியாட்களை உட்காரவைப்பது சரிப்பட்டு வராது. டியூசன் சென்டர்தான் தோது.

வாரத்துக்கு ஐந்து நாள், காலை ஒன்பதரையிலிருந்து நாலரை வரை, மாதம் நாலாயிரமோ ஐயாயிரமோ தருகிறேன் என்று கேட்டால் அந்த ஆசிரியருக்கு அது எதிர்பாராத வரவு. உங்களுக்கு அட்வான்ஸ் இல்லை. செலவெல்லாம் எட்டு மடக்கு மேசை, நாற்காலி, ஒரு நெட் இணைப்பு. எட்டுப் பேர் நாளுக்கு 150 ரூபாய் வீதம் மாதத்தில் பத்து நாள் வந்தாலே 12,000 ஆகிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவது, அந்த ஆசிரியரே வாடகைக்கு இருப்பவராக இருந்தால் கட்டட உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். உள்வாடகை விஷயத்தில் வாய்ப்பேச்சு உதவாது. இரண்டாவது, டியூசன் சென்டரின் வருடம் ஒரே மாதிரி இருக்காது. பிப்ரவரி, மார்ச்சில் பொதுத் தேர்வுக்கான சிறப்பு வகுப்பு பகலிலும் வரும். மே மாதம் சம்மர் கேம்ப். ஆகவே ஜூன் பாதியில் தொடங்கி ஜனவரி வரை என்று பேசிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

இந்த மாதங்களில் சம்பாதிப்பதைவிடத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம். எத்தனை பேர் காசு கொடுக்கிறார்கள், எத்தனை மணிக்கு வருகிறார்கள், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள். கடைசிக் கேள்வி மதுரையில் ரொம்பப் பெரியது. திருநகர், பசுமலைக்காரர் தினமும் கோரிப்பாளையம் நெரிசலைத் தாண்டி அண்ணா நகருக்கு வர மாட்டார். அய்யர் பங்களாக்காரர் காளவாசலுக்கு வர மாட்டார். வைகைக்கு இந்தக் கரையா அந்தக் கரையா என்பதை உங்கள் வருகைப் பதிவேடு சொல்லும், நீங்கள் ஊகிக்க வேண்டியதில்லை. மாசி வீதிகளுக்கு உள்ளே மட்டும் யோசிக்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். வண்டி நிறுத்த இடம் கிடையாது, சித்திரைத் திருவிழா நாட்களில் தெருவுக்குள் வரவே முடியாது.

கணக்கு

சரி, ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள், சொந்தமாக இடம் பிடிக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். மெயின் ரோட்டிலிருந்து ஒரு தெரு உள்ளே, முதல் மாடி, 800 சதுர அடி, வாடகை 15,000. நடைபாதை, கழிப்பறை, சாப்பிடும் இடம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஐம்பத்தைந்து, அறுபது சதுர அடி தேவைப்படும். ஆக 14 நாற்காலி. மின்சாரம் சராசரியாக 6,000, இரண்டு நெட் இணைப்பு 2,000, கூட்டிப் பெருக்க வரும் அக்காவுக்கு 4,000, தண்ணீர் கேன், டீ, ஃபினாயில், சில்லறை ரிப்பேர் எல்லாம் சேர்த்து 3,000. மொத்தம் மாதம் 30,000. நாற்காலிக்கு 3,000 வாங்கினால் பத்துப் பேர் இருந்தால்தான் கையைக் கடிக்காது. பதினான்கும் நிரம்பினால் மிச்சம் 12,000. இடத்தைத் திறந்து, பூட்டி, நெட் போனால் ஓடி வரும் உங்கள் சம்பளம் அதற்குள்தான்.

இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்தால் பலர் இந்தத் தொழிலுக்கே வர மாட்டார்கள். வருபவர்கள் தெரிந்தே வருவார்கள். வெறும் நாற்காலி வாடகையில் சிறிய கோவொர்க்கிங் பிழைக்காது. ஏற்கெனவே ஒரு வேலை செய்துகொண்டு, தனக்கும் ஒரு ஆபீஸ் தேவைப்படுபவர் இதை நடத்தினால் நன்றாக ஓடும். அவருடைய ஆபீஸ் வாடகை இலவசமாகிறது, அதுவே முதல் லாபம்.

தொடக்கச் செலவும் பார்க்கலாம். நல்ல நாற்காலி பதினான்குக்கு அறுபதாயிரத்துச் சொச்சம். நாற்காலியில் மிச்சம் பிடிக்காதீர்கள், முதுகு வலித்தவர் காரணம் சொல்லாமலே நின்றுவிடுவார். மேசையில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். எட்டுக்கு நாலு ப்ளைவுட் ஷீட் ஒன்றை வெட்டினால் நாலுக்கு இரண்டு அடியில் நான்கு மேசைப் பலகை. மைக்கா ஒட்டி, வெல்டிங் பட்டறையில் இரும்புக் கால் அடித்தால் முடிந்தது, பதினான்குக்கு 35,000 என்று வைக்கலாம். ஏசி இரண்டு 80,000, இன்வெர்ட்டரும் இரண்டு பேட்டரியும் 50,000, வயரிங் 30,000, பேச்சு அறைக்கு 20,000, பெயின்ட், ரவுட்டர் எல்லாம் 35,000. இதுவே மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. பத்து மாத அட்வான்ஸ் ஒன்றரை லட்சம் தனி. மூன்று மாதச் செலவுக்குக் கையில் 90,000 வைத்துக்கொண்டால் ஐந்தரை லட்சம். எந்த ஆடம்பரமும் இல்லாமலே இவ்வளவு.

இதில் பேரம் பேசக்கூடிய பெரிய தொகை அட்வான்ஸ்தான். ஏசியைப் பழையதாக வாங்கி மிச்சம் பிடிக்கும் பத்தாயிரத்தைவிட இங்கே பேசுவது பலன் தரும். பெரிய நிறுவனங்களே இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. 2024 மே மாதம் பங்குச் சந்தைக்கு வந்த ஆஃபிஸ் (Awfis) என்ற இந்தியக் கோவொர்க்கிங் நிறுவனம் பல இடங்களில் கட்டட உரிமையாளரையே கூட்டாளி போலச் சேர்த்துக்கொள்கிறது. உள்வேலைச் செலவில் அவருக்குப் பங்கு, நிலையான வாடகைக்குப் பதில் வருமானத்திலும் பங்கு. வருடக்கணக்கில் 'டு லெட்' பலகை தொங்கும் மதுரை முதல் மாடிகளுக்கு இது பொருந்தும். மாதம் 6,000 நிச்சயம், வசூலில் 30 சதவீதம், அட்வான்ஸ் இரண்டு மாதம் என்று கேட்டுப் பாருங்கள். நான்கு பேர் இருக்கும் மாதம் அவருக்கு 9,600 போகும். பத்துப் பேரில் 15,000. பதினான்கும் நிரம்பினால் 18,600, அவர் கேட்ட வாடகைக்கும் மேலே. 'உங்க வசூல் எனக்கு எப்படித் தம்பி தெரியும்?' என்று கேட்பார், நியாயம்தான். எல்லா வரவும் ஒரே க்யூஆர், ஒரே வங்கிக் கணக்கு, மாதக் கடைசியில் ஸ்டேட்மென்ட் அவர் கைக்கு.

ஒத்தி என்று ஒரு வழி நம் ஊரில் இருப்பதால் அதையும் சொல்ல வேண்டும். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டால் வாடகை இல்லை, காலி செய்யும்போது பணம் திரும்பி வரும். கையில் சும்மா இருக்கும் பணமென்றால் யோசிக்கலாம். கடன் வாங்கி ஒத்திக்குப் போவது தற்கொலை. 8 லட்சத்தை ரெண்டு வட்டிக்கு வாங்கினால் மாத வட்டியே 16,000, வாடகையே தேவலை. அடுத்த ஒத்திக்காரர் கிடைத்தால்தான் உங்கள் பணம் வரும் என்ற ஊர் வழக்கமும் இருக்கிறது.

கரண்டும் நெட்டும்

வீட்டு இணைப்பில் ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வணிக உபயோகத்துக்கு வணிகக் கட்டணம்தான், மாட்டினால் அபராதமும் சேரும். வீட்டுக்கு இருக்கும் 100 யூனிட் இலவசம் இதற்குக் கிடையாது. உபயோகம் கொஞ்சம் ஏறினாலே யூனிட் பத்து ரூபாயைத் தாண்டும். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி மதுரை வெயிலில் மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் இழுக்கும். நாளுக்கு ஒன்பது மணி நேரம், மாதம் இருபத்தைந்து நாள் என்றால் இரண்டு ஏசிக்கு ஐந்நூறு யூனிட்டைத் தாண்டும். மேலே மொட்டை மாடி உள்ள தளத்தைவிட மேலே இன்னொரு தளம் இருக்கும் இடத்தைப் பிடித்தால் இந்த பில் கண்கூடாகக் குறையும். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் என்பதும் நாள் முழுக்க ஓடும் இடத்தில் சின்ன விஷயமில்லை.

மாதாந்திரப் பராமரிப்பு என்று ஈ.பி.காரர்கள் காலை ஒன்பதுக்குக் கரண்டை நிறுத்தினால் மத்தியானத்துக்கு மேல்தான் வரும். 150 ஏ.எச். பேட்டரி ஒன்றில் எடுக்கக்கூடியது தோராயமாக 1,300 வாட் மணி. பதினான்கு மடிக்கணினி, ஆறு ஃபேன், லைட், ரவுட்டர் எல்லாம் சேர்ந்தால் 950 வாட். இரண்டு பேட்டரியும் மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. இதற்கு மூன்றாவது பேட்டரி வாங்க வேண்டியதில்லை. வயரிங் செய்யும்போதே சாக்கெட் லைனை இன்வெர்ட்டரிலிருந்து தனியாகப் பிரித்து ஒரு சுவிட்ச் வைத்துவிடுங்கள். மடிக்கணினிக்கு அதன் சொந்த பேட்டரி இருக்கிறது. ஃபேன், லைட், ரவுட்டருக்கு 250 வாட் போதும், அதே இரண்டு பேட்டரி பகல் முழுக்க ஓட்டும். நடுவில் ஒரு மணி நேரம் மட்டும் சாக்கெட்டைத் திறந்து விட்டால் எல்லோரும் சார்ஜ் ஏற்றிக்கொள்வார்கள்.

நெட் விஷயத்தில் வேகத்தைவிட அறாமல் இருப்பதுதான் விற்கும் சரக்கு. ஒரு வீடியோ காலுக்கு மூன்று, நான்கு எம்.பி.பி.எஸ். இருந்தால் போதும், பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசினாலும் ஐம்பது சொச்சம்தான். ஆனால் ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் சமமாக இருக்க வேண்டும். இரண்டு வேறு நிறுவனங்களின் ஃபைபர் வாங்குங்கள், இரண்டும் ஒரே கம்பத்தில் வருகிறதா என்று தெருவில் இறங்கிப் பாருங்கள். ஒரே கம்பம் என்றால் ஒரு லாரி மோதினால் இரண்டும் போகும். உங்களிடம் இன்வெர்ட்டர் இருந்தாலும் தெருமுனையில் இருக்கும் கேபிள்காரர் பெட்டியில் பேட்டரி இல்லாவிட்டால் கரண்ட் போனதும் நெட்டும் போகும். இணைப்பு வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். இரண்டு இணைப்பையும் தானாக மாற்றிக்கொள்ளும் ரவுட்டர் ஒன்று, மேலே ஒரு 5ஜி சிம். வருபவர் ஒவ்வொருவரின் அடையாளச் சான்றும் பதிவேட்டில் இருக்கட்டும். உங்கள் இணைப்பிலிருந்து யாராவது எதையாவது செய்தால் போலீஸ் முதலில் வருவது உங்கள் படியேறித்தான்.

கழிப்பறையும் மைக்செட்டும்

உள்வடிவமைப்பைப் பற்றி இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது, அதை விட்டுவிடுகிறேன். யாரும் பேசாதது கழிப்பறை. வீடாக இருந்த முதல் மாடிகளில் ஒன்றுதான் இருக்கும். பெண்களுக்குத் தனியாக ஒன்று, உள்ளே கொக்கி, மூடியுள்ள குப்பைத்தொட்டி, தடையில்லாத் தண்ணீர். இவை இல்லாத இடத்துக்குப் பெண்கள் ஒரு நாள் வருவார்கள், மறுநாள் வர மாட்டார்கள், ஏன் என்றும் சொல்ல மாட்டார்கள். குழந்தை பிறந்து வேலையை விட்டுவிட்டு இப்போது வீட்டிலிருந்தே மீண்டும் தொடங்கும் பெண்கள் இந்தத் தொழிலுக்கு நிலையான உறுப்பினர்கள். சனி, ஞாயிறு தவிர நாள் தவறாமல் வருவார்கள், கட்டணம் தவறாது. அவர்கள் பார்ப்பது கழிப்பறை, மாடிப்படி விளக்கு, சாயங்காலம் தெருவில் நடமாட்டம் இருக்கிறதா, பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம், இவைதான்.

சத்தத்தையும் ஒரு நாள் பார்த்து முடிவு செய்யக் கூடாது. புரட்டாசியில் பார்த்த அமைதியான தெரு, ஆடியில் அம்மன் கோயில் மைக்செட்டில் அதிரும். பக்கத்தில் கல்யாண மண்டபம் இருந்தால் முகூர்த்த நாட்களில் மேளச் சத்தத்தோடுதான் வெளிநாட்டு வாடிக்கையாளர் பேசுவார். பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டால் வருடம் முழுக்க நடப்பதைச் சொல்லிவிடுவார். டீக்கு மெஷின் வேண்டாம், பதினொன்றுக்கும் நாலுக்கும் பக்கத்து டீக்கடையிலிருந்து ஃப்ளாஸ்க் வந்தால் போதும். சாப்பாட்டுக்கு ஒரு தனி மேசை கட்டாயம். மீன் குழம்பு வாசம் ஏசி அறையில் சுற்றினால் அன்றைக்கு வேலை ஓடாது. அசைவம் கூடாது என்று நிபந்தனை போடும் வீட்டுக்காரர்களும் உண்டு, முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

காகித வேலை

தமிழ்நாட்டின் 2017-ஆம் வருட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் ஆக வேண்டும். 'பதினோரு மாதம்தானே, வெறும் பத்திரம் போதும்' என்ற பழைய பழக்கம் உங்களைப் போல நான்கு பேரை உள்ளே உட்காரவைக்கும் ஆளுக்கு ஆபத்து. வணிக உபயோகம், பலரை அமர்த்தும் உரிமை இரண்டும் ஒப்பந்தத்தில் வார்த்தையாக இருக்கட்டும். சொத்து வரியும் மின்கட்டணமும் வணிக விகிதத்துக்கு மாறினால் யார் கட்டுவது என்பதும்.

ஜி.எஸ்.டி.க்கு அவசரப்பட வேண்டாம். சேவைத் தொழிலுக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம், பதினான்கு நாற்காலி நிரம்பினாலும் வருடம் ஐந்து லட்சம்தான். முன்கூட்டியே பதிவு செய்தால் 18 சதவீதம் சேர்த்து வாங்க வேண்டும், தனியாள் வாடிக்கையாளருக்கு அது வெறும் விலையேற்றம். 2024 அக்டோபர் 10 முதல், பதிவு செய்யாத உரிமையாளருக்குக் கொடுக்கும் வணிக வாடகைக்கான வரியையும் பதிவு செய்த வாடகைதாரர்தான் கட்ட வேண்டும் என்று வந்துவிட்டது. நிறுவனக் குழுக்கள் வரி பில் கேட்கத் தொடங்கும்போது ஆடிட்டரிடம் பேசிக்கொள்ளலாம்.

விலாசம் மட்டும் வாடகைக்குக் கேட்டு வருபவர்கள் உண்டு, அவர்களுடைய ஜி.எஸ்.டி. பதிவுக்காக. நாற்காலி இல்லாமல் வரும் வருமானம் என்பதால் ஆசை காட்டும். தெரிந்தவர், நேரில் வந்து போகிறவர் என்றால் சரி. பெயர்ப் பலகை வைக்க வேண்டும், அதிகாரிகள் நேரில் பார்க்கவும் வரலாம். முகம் தெரியாதவருக்குக் கையெழுத்துப் போட்டால் அவருடைய போலி பில்லுக்கு உங்கள் வாசலில் விசாரணை நடக்கும்.

கடன் திட்டங்களைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மாவட்டத் தொழில் மையம் வழியாக வரும் மாநில அரசின் யு.ஒய்.இ.ஜி.பி. திட்டத்தில் 25 சதவீத மானியம். நீட்ஸ் திட்டத்துக்குத் திட்ட மதிப்பே 10 லட்சத்தில்தான் தொடங்குகிறது. மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி.யில் மானியத் தொகை மூன்று வருடம் வங்கியில் முடங்கியிருந்துதான் கடனில் கழியும். எல்லாமே நல்ல திட்டங்கள், ஆனால் மெஷின் வாங்கும் தொழிலுக்குப் பொருந்துவதுபோல இதற்குப் பொருந்தவில்லை. மானியம் பெரிதாகட்டும் என்று நாலு லட்ச வேலையைப் பன்னிரண்டு லட்சமாகத் திட்ட அறிக்கையில் ஊதினால், தவணையும் அதற்கு ஏற்ப ஊதும், நாற்காலி அதே பதினான்குதான். கடன் வேண்டுமென்றால் அடமானம் இல்லாத முத்ரா திட்டத்தின் கிஷோர் வகைக் கடன் போதும், 5 லட்சம் வரை கிடைக்கும்.

எப்போது சொந்த இடம்

டியூசன் சென்டரை விட்டுக் கிளம்பச் சரியான அடையாளம் கூட்டம் இல்லை, முன்பணம். ஆறேழு பேர் புது இடத்துக்கு முதல் மாதக் கட்டணத்தைத் திறப்பதற்கு முன்பே அனுப்பிவிட்டார்கள் என்றால் கிளம்பலாம். 'திறங்க, கண்டிப்பா வர்றோம்' என்பவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இவர்கள் போக ஐந்து பேர் குழு ஒன்று வந்தால் இடம் சட்டென்று நிரம்பிவிடும், ஆனால் அவர்கள் போகும்போது ஐந்தும் சேர்ந்து போகும். குழுவிடம் இரண்டு மாத அட்வான்ஸும் இரண்டு மாத நோட்டீஸும் வாங்குவது கெடுபிடி அல்ல.

மிச்சம் பார்க்க வேண்டியது அதே நாற்காலியை இரண்டாம் முறை விற்பதில்தான். இந்த ஊரில் ராத்திரி பன்னிரண்டுக்கும் இட்லி கிடைக்கும், அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். சாயங்காலம் ஏழிலிருந்து நள்ளிரவு ஒன்று வரை ஐந்து பேர் 2,500 கொடுத்தால் 12,500 வரவு. ஒரே ஏசி அறையில் எல்லோரையும் உட்காரவைத்தால் கூடுதல் செலவு மின்சாரமும் ஒரு காவலாளும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் புகைப்பட வகுப்பு, டேலி வகுப்பு நடத்துபவர்களுக்கு ஹாலை மணிக்கணக்கில் விடலாம். வீட்டுக்காரர் கீழ்த்தளத்தில் குடியிருந்தால் ராத்திரி ஷிஃப்டுக்குச் சம்மதிப்பாரா என்பதை ஒப்பந்தம் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். பத்து மணிக்கு கேட்டைப் பூட்டும் பழக்கம் உள்ளவர் என்றால் அடுத்த இடம் பார்க்கலாம்.